உள்ளே 110 ஜிபி காலி, வெளியே ஒன்றுமில்லை: விளையாட்டுக்கு வைத்த மெய்நிகர் இயந்திரத்தில் இடம் தீர்ந்த கதை

கேள்வி: பண்டாரவளை வாசகர் ஒருவர், 2025 ஜனவரி 17

லினக்ஸ் கணினிக்குள் விண்டோஸ் மெய்நிகர் இயந்திரம் (மென்பொருளால் உண்டாக்கிய, கணினிக்குள் ஒரு கணினி) ஒன்றை விளையாட்டுகளுக்காகவே வைத்திருக்கிறேன். அதற்கு 300 ஜிபி தட்டு கொடுத்திருந்தேன். நேற்றிரவு ஆட்டத்தின் நடுவே திரை உறைந்துவிட்டது. உள்ளே கடைசியாகப் பார்த்தபோது 110 ஜிபி காலியாக இருந்தது. வெளிக் கணினியோ இடமே இல்லை என்கிறது. தட்டு பழுதாகிவிட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டு ஆட்டங்களை அழித்துவிட்டுப் பிறகு மீண்டும் இறக்கிக்கொள்ளலாமா?

ஜனவரி 17, இரவு 10.20

தட்டு பழுதாகவில்லை. கடைக்காரரின் பேச்சைக் கேட்டு இந்த வாரம் எதையும் வாங்க வேண்டாம். உங்கள் விண்டோஸும் இறந்துபோகவில்லை. கியூஎமு என்னும் மென்பொருள் இயக்கும் மெய்நிகர் இயந்திரம் எதையாவது எழுத முயலும்போது வெளிக் கணினியில் இடம் இல்லாவிட்டால், வழக்கமாகக் கியூஎமு இயந்திரத்தை அணைத்துவிடுவதில்லை. இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. வெளியே சிறிது இடத்தை உண்டாக்கிவிட்டுத் தொடரச் சொன்னால், தடைப்பட்ட எழுத்தை மறுபடி முயன்று, ஆட்டம் விட்ட இடத்திலிருந்தே நகரும். ஆகவே பலவந்தமாக அணைக்காதீர்கள்.

நான் அணைத்தேன். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய இரவு, தலவாக்கலையில் என் வீட்டில், அண்ணன் மகன் பதினொரு மணித்தியாலம் ஆடிச் சேர்த்தது உறைந்து நின்றபோது, பெரிய நிபுணனைப் போல இயந்திரத்தை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். சேமித்த கோப்பு பாதியில் முறிந்திருந்தது. பண்டிகை முடியும் வரை அவன் என்னோடு பேசவில்லை. "சித்தப்பா பாடசாலையில் கணினி படிப்பிக்கிறாராம்" என்று மட்டும் பாட்டியிடம் சொன்னான்.

ஜனவரி 18, காலை 6.15

அழித்துவிட்டு மீண்டும் இறக்குவதைப் பற்றி நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். செய்ய வேண்டாம் என்பதே பதில்.

உங்கள் 300 ஜிபி தட்டு என்பது உண்மையில் வெளிக் கணினியில் இருக்கும் ஒரு கோப்பு. கியூஎமு பயன்படுத்தும் கியூகௌ2 வகைக் கோப்பு பிறக்கும்போது மிகச் சிறியதாக இருக்கும். உள்ளே விண்டோஸ் எழுத எழுத அது வளரும். ஆனால் உள்ளே நீங்கள் ஓர் ஆட்டத்தை அழிக்கும்போது விண்டோஸ் தன் குறிப்பேட்டில் மட்டுமே அந்த இடத்தைக் காலி என்று எழுதிக்கொள்கிறது. அந்தச் செய்தி வெளியே போய்ச் சேராவிட்டால் கோப்பு ஓர் அங்குலமும் சுருங்காது. தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி வைத்துச் சாமான் வாங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள், உங்கள் கணக்கில் கடன் இல்லை. முதலாளி தன் கொப்பியில் அந்த வரியை அடிக்கவில்லை. அடுத்த மாதம் அவர் கொப்பியைப் பார்த்துத்தான் பேசுவார், உங்கள் ஞாபகத்தைப் பார்த்தல்ல.

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்று எழுதுகிறவர்கள் எல்லையற்ற ஃபைபர் இணைப்பு உள்ள ஊர்களில் இருந்து எழுதுகிறார்கள். என் வீட்டில் நல்ல நாளில் 4ஜி ரவுட்டர் நொடிக்கு 8 மெகாபிட் தருகிறது. 60 ஜிபி ஆட்டம் ஒன்று அந்த வேகத்தில் இடையறாமல் வந்தாலும் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்; நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவுப் பொதியை மட்டும் நம்பினால் மூன்று இரவுகள். மலையில் மூடுபனி இறங்கினால் எத்தனை இரவுகள் என்று நான் கணக்கிடுவதில்லை. நமக்கு ஓர் ஆட்டம் தட்டில் இருப்பதென்பது மூன்று இரவுகளைச் சேமித்து வைத்திருப்பதாகும்.

ஜனவரி 18, இரவு 9.05

பண்டாரவளை நண்பர் எண்களை அனுப்பிவிட்டார். 480 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்ட எஸ்எஸ்டி. கணினி எண்ணும் முறையில் அது 447 தான், இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1024 ஆல் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடு. லினக்ஸும் அவருடைய கோப்புகளும் 53. அலுவலக வேலைக்கான இரண்டாவது மெய்நிகர் இயந்திரம் 78. விளையாட்டு இயந்திரத்தின் கோப்பு 286. இவற்றைக் கழித்தால் 30 மீதம் இருக்க வேண்டும்; ஆனால் கணினி பூச்சியம் என்கிறது.

அந்த 30இல் ஏறக்குறைய 8ஐக் கோப்பு முறைமை (தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) தன் அட்டவணைகளுக்கு எடுத்துக்கொண்டது. மீதி 22ஐ அந்த முறைமை, அதாவது ஈஎக்ஸ்டி4, மூலப் பயனருக்காக (கணினியில் முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு) ஒதுக்கி வைத்திருக்கிறது. வேறு எண் கொடுக்காவிட்டால் அது மொத்தத்தில் 5 சதவீதத்தை இப்படி ஒளித்து வைக்கும். மெய்நிகர் இயந்திரம் சாதாரணப் பயனரின் பெயரில் ஓடுவதால் அதைத் தொட முடியாது. நண்பரே, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அந்த ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறையுங்கள். எதையும் அழிக்காமலே 18 ஜிபி அளவுக்குக் கிடைக்கும். பூச்சியமாக்கிவிடாதீர்கள், தட்டு முற்றாக நிரம்பும் நாளில் நீங்கள் உள்நுழைந்து எதையாவது சரிசெய்ய அந்தக் கொஞ்சம் வேண்டும்.

கோப்பின் அளவைப் பார்க்கும்போது எல்எஸ் கட்டளை காட்டும் நீளத்தையும் டியூ கட்டளை காட்டும் எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நடுவே ஓட்டைகள் உள்ள கோப்புக்கு எல்எஸ் முழு நீளத்தைச் சொல்லும். உண்மையில் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்வது டியூ.

ஜனவரி 19, காலை 7.30

இயந்திரம் தொடர்ந்து ஓடியது, ஆட்டம் சேமிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் பொறாமையும்.

இப்போது கொப்பியில் வரி அடிக்கும் வேலை. இயந்திரத்தை முறையாக அணைத்து, மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் அந்தத் தட்டின் அமைப்புக்குப் போய், டிஸ்கார்ட் என்னும் இடத்தில் அன்மேப்பைத் தெரிவு செய்யுங்கள். பிறகு விண்டோஸைத் திறந்து, தட்டுகளைச் சீராக்கும் கருவியில் ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்துங்கள். காலியான இடங்களின் பட்டியலை விண்டோஸ் வெளியே அனுப்பும். கோப்பில் அந்தப் பகுதிகள் ஓட்டைகளாகும். வெளிக் கணினிக்கு இடம் திரும்பும்.

ஜனவரி 19, இரவு 8.50

காலையில் எழுதியதில் ஒரு முக்கியமான வரியை விட்டுவிட்டேன், அதற்கான விலையை நண்பர் கொடுத்திருக்கிறார். பொத்தானை அழுத்தும் முன் அதே சாளரத்தில் தட்டின் வகை என்ன என்று பார்க்க வேண்டும். தின் புரோவிஷண்ட் (தேவைக்கேற்ப வளரும் தட்டு) அல்லது எஸ்எஸ்டி என்று இருந்தால் விண்டோஸ் டிரிம் செய்யும், அதாவது காலியிடப் பட்டியலை வெளியே அனுப்பும். ஹார்ட் டிஸ்க் என்று இருந்தால், அது சுழலும் பழைய தட்டு என்று நம்பி, துண்டுகளை ஒன்றுசேர்ப்பதற்காகத் தரவைப் புதிய இடங்களுக்கு நகர்த்தும். புதிய இடம் என்றால் கோப்பு வளரும். அவருடைய கோப்பு 286இலிருந்து 290 ஆனதும் பயந்து நிறுத்திவிட்டாராம். நல்ல வேளை. வாரந்தோறும் தானே ஓடும்படி விண்டோஸ் அந்த வேலையை அட்டவணையிட்டிருப்பதும் நினைவில் இருக்கட்டும். அவருடைய கோப்பு இவ்வளவு வீங்கியதற்கு அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அவர் தட்டை சாட்டா என்னும் இணைப்பு வகையில் இணைத்திருக்கிறார். மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள விர்ட்டையோ-ஸ்கசி வகைக்கு மாற்றினால் விண்டோஸ் சரியான வகையை அறியும். ஆனால் நேராக மாற்றினால் அந்தச் சாதனத்துக்கான இயக்கி (டிரைவர்) இல்லாமல் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் ஸ்கசி வகையில் 1 ஜிபி வெறுந்தட்டு ஒன்றைச் சேர்த்து, விண்டோஸைத் திறந்து, விர்ட்டையோ இயக்கிகளை நிறுவி, அந்தச் சிறு தட்டு உள்ளே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்து, அதன் பின்பே பெரிய தட்டின் வகையை மாற்றுங்கள். சிறு தட்டைப் பிறகு எடுத்துவிடலாம். சுற்றுவழிதான், ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வளைவுகளைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

ஜனவரி 20, மாலை 5.40

ஹட்டனிலிருந்து ஒருவர், காலியிடம் முழுவதிலும் பூச்சியங்களை எழுதிவிட்டுக் கோப்பைப் புதிதாகப் படியெடுத்தால் சுருங்கும், டிரிம் எல்லாம் வீண் வேலை என்கிறார். முறை பழையது, பொய்யானதல்ல. ஆனால் பூச்சியமும் எழுத்துத்தான். பூச்சியங்களைக் கண்டுகொள்ளும் அமைப்பை முன்பே இயக்கியிருக்காவிட்டால், 110 ஜிபி பூச்சியம் எழுதும்போது கோப்பு 300 வரை வளர முயலும். இடம் தீர்ந்துபோன கணினியில் அதைத் தாங்க இடம் எங்கே இருக்கிறது? பின்னர் படியெடுப்பதற்கு இன்னொரு முழுப் பிரதிக்கான இடமும் வேண்டும். வெளியே ஒரு யூஎஸ்பி வன்தட்டு வைத்திருப்பவருக்குச் சரி. பட்டினி கிடப்பவனை விருந்து சமைக்கச் சொல்லக் கூடாது.

ஜனவரி 21

விண்டோஸ் நித்திரைக்குப் போகும்போது நினைவகத்தை எழுதி வைக்கும் நித்திரைக் கோப்பை நிறுத்தினால் சில ஜிபி கிடைக்கும் என்று நான் வேறு ஒருவருக்கு எழுதியிருந்தேன். என் இயந்திரத்தில் தேடிப் பார்த்தேன். அந்தக் கோப்பே இல்லை. விர்ட்-மேனேஜர் உருவாக்கும் இயந்திரத்தில் தட்டுக்கு நித்திரை போகும் வசதி தொடக்கத்திலேயே மூடப்பட்டிருக்கிறது. சாதாரண மடிக்கணினிக்கு உரிய அறிவுரையை அப்படியே தூக்கி வந்திருக்கிறேன். அதை மறந்துவிடுங்கள்.

ஜனவரி 25, இரவு 11.00

ஸ்கசிக்கு மாறினார், டிரிம் ஓடியது, கோப்பு 290இலிருந்து 241க்கு இறங்கியது. உள்ளே 190 தானே நிரம்பியிருக்கிறது, மீதி 51 எங்கே என்று கேட்கிறார்.

ஸ்னாப்ஷாட் (தட்டின் அந்த நேரத்து நிலையின் பதிவு) ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சென்ற ஒக்டோபரில், திரை அட்டையின் இயக்கியைப் புதுப்பிக்கும் முன், ஒன்று எடுத்து வைத்து மறந்துவிட்டாராம். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் தட்டில் இருந்த ஒவ்வொரு துண்டும், பின்னர் உள்ளே அழிக்கப்பட்டாலும், அந்த நாளின் நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்பதற்காக வெளியே காக்கப்படும். டிரிம் அதைத் தொட முடியாது. ஒக்டோபரில் அவரிடம் இருந்து, நவம்பரில் அவர் அழித்த ஓர் ஆட்டம், ஜனவரி வரை கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

ஸ்னாப்ஷாட்டை நீக்கி, இன்னொரு முறை டிரிம் செய்ததும் 195.

இனி அவருடைய கணக்கை எழுதுகிறேன், ஏனெனில் அவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். வெளியே இப்போது காலியாக இருப்பது 108. விளையாட்டுக் கோப்பு 300 வரை வளர அனுமதி உண்டு, அதாவது இன்னும் 105. அலுவலக இயந்திரத்துக்கு அவர் வாக்களித்தது 100. அது இன்னும் 22 வளரலாம். இரண்டும் சேர்ந்து 127. கையில் 108 வைத்துக்கொண்டு 127க்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், நண்பரே. இன்று எவரும் கேட்கவில்லை என்பதால் நீங்கள் இன்று நல்லவர்.

எனக்கு இதைச் சொல்லும் தகுதி குறைவு. தீபாவளி வரை நான் அதே அளவான எஸ்எஸ்டியில் 250 ஜிபித் தட்டுகள் மூன்றை வைத்திருந்தேன்.

பெப்ரவரி 2

நாவலப்பிட்டிக்காரர் ஒருவருக்கு வேறு தொல்லை. வெளியே இடம் இருக்கிறது. மெய்நிகர் தட்டை 120இலிருந்து 200 ஆக்கினார். உள்ளே சி பகுதியை நீட்டும் தெரிவு சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. சி பகுதிக்கும் புதிய இடத்துக்கும் நடுவே விண்டோஸின் மீட்புப் பகுதி உட்கார்ந்திருக்கிறது. அண்மைய பதிப்புகளை நிறுவும்போது அது சி பகுதிக்குப் பின்னால்தான் வைக்கப்படுகிறது. அடுத்து ஒட்டியிருக்கும் இடத்துக்குள் மட்டுமே விண்டோஸ் ஒரு பகுதியை நீட்டும். மீட்பு வசதியை முதலில் முடக்கிவிட்டு, அந்தப் பகுதியை டிஸ்க்பார்ட் மூலம் நீக்கிவிட்டு நீட்டலாம். அல்லது புதிய இடத்தை டி என்று தனிப் பகுதியாக்கி, ஆட்டங்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் மென்பொருளுக்கு இரண்டாவது நூலகமாகக் காட்டலாம். நான் இரண்டாவதையே செய்வேன். பெருப்பித்த தட்டை வெளியிலிருந்து மறுபடி சிறிதாக்க மட்டும் முயல வேண்டாம்; உள்ளே பகுதிகளை முதலில் சுருக்காமல் வெளியே வெட்டினால், வெட்டப்பட்டது போனதுதான்.

பெப்ரவரி 10, இரவு 9.30

நேற்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும், பாணந்துறையில் குரங்கு ஒன்று மின் சாதனத்தில் பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். இந்த இழைக்கு அந்தக் குரங்கின் பங்களிப்பு பின்வருமாறு. என் யூபிஎஸ்ஸின் பற்றரி நான்கு வயதானது. அது ஒரு நிமிடம் கூவிவிட்டு ஓய்ந்தது. மருமகள் அப்போது கார் ஓட்டும் ஆட்டத்தில் இருந்தாள்.

மின்சாரம் வந்த பின் நான் கற்றுக்கொண்டது: எழுதும் நடுவில் கணினி விழுந்தால் கியூகௌ2 கோப்பில் கசிவுகள் ஏற்படலாம், அதாவது பிடிக்கப்பட்டும் எந்தத் தரவுக்கும் சொந்தமில்லாத துண்டுகள். தரவுக்கு அவற்றால் ஆபத்து இல்லை, இடம் மட்டும் வீணாகும். இயந்திரத்தை அணைத்த நிலையில் கியூஎமு-இமேஜ் கருவியின் சோதனைக் கட்டளையை ஓட்டி, கசிவுகளை மட்டும் திருத்தச் சொல்லலாம். எனக்குக் கிடைத்தது ஒரு ஜிபிக்கும் குறைவு. பெரிதாக எதிர்பார்த்து ஓட்டியவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் மாதம் ஒரு முறை பார்ப்பதில் தவறில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்த முயன்றால் கோப்பையே கெடுத்துக்கொள்வீர்கள்.

பெப்ரவரி 16

"இவ்வளவு பாடு எதற்கு? 2018 முதல் புரோட்டான் இருக்கிறதே, லினக்ஸிலேயே ஆடலாமே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்தான் புரோட்டான். நியாயமான கேள்வி. தனியாக ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் இப்போது அதையே பரிந்துரைப்பேன். ஒரே கோப்பு முறைமை, ஒரே கணக்கு, இரண்டு கொப்பிகள் இல்லை. மோசடித் தடுப்பு மென்பொருளோடு வரும் போட்டி ஆட்டங்களில் சில புரோட்டானில் ஓடாது என்பதால் பலர் மெய்நிகர் இயந்திரத்துக்கு வருகிறார்கள். அவற்றில் சில மெய்நிகர் இயந்திரத்தையும் கண்டுபிடித்து மறுக்கும் என்பதை இறக்கி முடித்த பிறகுதான் அறிகிறார்கள். வலோரண்ட் என்னும் ஆட்டம் அப்படி மறுக்கும். மூன்று இரவுகளைச் செலவிடும் முன் இதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

என் வீட்டில் மெய்நிகர் இயந்திரம் இருப்பதற்குக் காரணம் வேறு. வெளிக் கணினியில் என் மாணவர்களின் புள்ளிகளும் வினாத்தாள்களும் இருக்கின்றன. பிள்ளைகளின் கைகள் அங்கே போக வேண்டாம்.

தீபாவளிக்குப் பின் நான் மாற்றிய அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கு 80 ஜிபி தட்டு. ஸ்னாப்ஷாட் எடுப்பதும் காப்புப் பிரதி வைப்பதும் இதற்கு மட்டும். ஆட்டங்களுக்குத் தனியாக 220 ஜிபி தட்டு. இதற்கு ஸ்னாப்ஷாட்டும் இல்லை, காப்புப் பிரதியும் இல்லை, ஆனால் கோப்பை உருவாக்கும்போதே முழு இடத்தையும் பிடித்து வைத்துவிட்டேன். உள்ளே காலி என்றால் வெளியேயும் அது அந்தத் தட்டுக்கே உரியது. சிக்கன அமைப்பு அல்ல. என் பெயரில் இன்னொரு தீபாவளி வேண்டாம் என்பதற்காகச் செய்தது. இதில் டிஸ்கார்டை இயக்கக் கூடாது, இயக்கினால் பிடித்த இடம் மெல்ல நழுவிவிடும்.

அண்ணன் மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17இல் தொடங்குகிறது. அதுவரை இயந்திரம் அணைந்திருக்கும்.

மார்ச் 27

நேற்றுப் பரீட்சை முடிந்தது. இயந்திரத்தைத் திறந்தோம். ஆறு வாரங்களாகக் காத்திருந்த புதுப்பிப்புகள் வரிசையாக நின்றன. அவனுக்கு வேண்டிய ஆட்டத்தின் புதுப்பிப்பு 9 ஜிபி என்று ஸ்டீம் காட்டியது, தட்டில் 30 காலி. இருந்தும் இடம் போதாது என்று மறுத்தது. பெரிய கோப்பு ஒன்றின் நடுவில் கொஞ்சம் மாறினாலும், பழையதை வைத்துக்கொண்டே புதியதை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் ஸ்டீம் பழையதை நீக்குகிறது. ஆகவே இறங்கும் அளவல்ல, மாற்றப்படும் கோப்புகளின் அளவே காலியாக இருக்க வேண்டும். மருமகளின் கார் ஆட்டம் போக வேண்டியதாயிற்று. அழிக்கும் முன் அதை வெளிக் கணினியிலுள்ள பழைய வன்தட்டுக்குப் படியெடுத்து வைத்தேன், மூன்று இரவுகள் வீணாகாமல்.

மார்ச் 28

தட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்ததன் குறை இப்போது தெரிகிறது. விண்டோஸ் தட்டில் 35 ஜிபி சும்மா கிடக்கிறது, ஆட்டத் தட்டோ மூச்சுத் திணறுகிறது. பெப்ரவரி 16இல் கொஞ்சம் பெருமையாக எழுதிவிட்டேன் போலும். 80 என்பதை 60 ஆக்கியிருக்கலாம். ஆனால் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சம் 64 ஜிபி; அதனால்தான் 80 என்று வைத்தேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. சரி, 80 இருக்கட்டும்.

மார்ச் 30, காலை

பண்டாரவளை நண்பர் புதிய ஆட்டம் ஒன்றை 62 ஜிபி இறக்கப் போவதாக எழுதினார். அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 முதல் ஸ்டீம் ஒரே உள்வலையில் இருக்கும் கணினிகளுக்கிடையே ஆட்டங்களை நேராக மாற்றிக்கொள்ள விடுகிறது; அவரவர் கணக்கில் அந்த ஆட்டம் இருக்க வேண்டும், அமைப்பில் அனுமதி கொடுக்க வேண்டும், அவ்வளவே. டேட்டாப் பொதி தேய்வதில்லை. அவருடைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை ரயிலில் தலவாக்கலைக்கு வருகிறார். நெட்வேர்க் கேபிள் என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

மெய்நிகர் இயந்திரம் நாட் வலையில் (வெளிக் கணினியின் பின்னால் மறைந்த நிலை) இருந்தால் மடிக்கணினியின் கண்ணுக்கு அது தெரியாது. வீட்டு வலையில் தனிக் கணினியாகவே தெரியும் பிரிட்ஜ் வலைக்கு மாற்றி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, இரவு 8.15

வந்தார். கேபிளின் ஒரு முனையை எலி கடித்திருந்தது. வைஃபையில் ஐந்து மணித்தியாலம் ஓடியது. அதற்குள் அண்ணன் மகன் அவரிடம் தீபாவளிக் கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டான். வீடு திரும்பி ஆட்டத்தை மடிக்கணினியிலிருந்து தன் மெய்நிகர் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டு எண்ணை அனுப்புவதாகச் சொன்னார். வெளியே அவருக்குக் காலியாக 46 மிஞ்ச வேண்டும். வாக்குறுதிக் கணக்கு அதே 19 குறைவில்தான் நிற்கிறது. அலுவலக இயந்திரத்தை ஸ்டேஷனில் வைத்தே மறுபடி ஞாபகப்படுத்தினேன்.

ஏப்ரல் 6

44 என்று வந்திருக்கிறது. மீதி இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறார்.